மிஷின் காட்டும் எடையும் மருந்து கேட்கும் எடையும்

வயதைக் கேட்டால் நாலைந்தைக் குறைத்தாவது சொல்லிவிடுகிறோம். எடையைக் கேட்டால் பேச்சையே மாற்றிவிடுகிறோம். நம் பெண்களின் சுபாவம் இது. ரயில்வே ஸ்டேஷனில் கலர் விளக்குகள் சுற்றும் எடை மிஷினில் காசு போட்டு, சீட்டு விழுந்ததும் பிறர் பார்க்கும் முன் கைக்குள் மடக்கிக்கொண்ட அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை! டாக்டரே கேட்டாலும், "எழுபது, எழுபத்தஞ்சு இருக்கும்" என்று ஒரு தோராயம்தான். நிஜம் தெரிந்தவர் ரவிக்கை தைக்கும் டெய்லர் ஒருவரே.

சாதாரண நாளில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஆபரேஷன் என்று வந்துவிட்டால், எடை என்பது நம் மானப் பிரச்னை அல்ல, மருந்துப் பிரச்னை. அதிலும், மயக்கம் கொடுக்கும்போது தசைகளைத் தளர்த்துவதற்காகப் போடும் மருந்து ஒன்று இருக்கிறது. பருமனான உடம்பில் அதன் கணக்கே தனி. என் சொந்த உடம்பின் புண்ணியத்தில் அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். நாலு பேருக்கு உபயோகப்படுமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஏதோ ஒருத்தி கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள் என்று தெரிந்தது. ஆகவே இது நம் எல்லார் வீட்டுச் சமாசாரமும்தான்.

அக்காவுக்கு நடந்தது

என் உயரம் 155 சென்டிமீட்டர். எடை 102 கிலோ. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொப்புள் அருகே சின்னதாக ஒரு புடைப்பு. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். எலுமிச்சம்பழ அளவில் இருந்தது, 2023 கடைசியில் சாத்துக்குடி அளவுக்கு வந்துவிட்டது. ஹெர்னியா என்றார் சர்ஜன். "தள்ளிப் போடாதீங்க. குடல் அதுக்குள்ள மாட்டிக்கிட்டா ராத்திரியோட ராத்திரியா அவசர ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும். நல்லா இருக்கும்போதே நிதானமாப் பண்ணிடலாம்" என்று எச்சரித்தார்.

கத்திக்கு நான் பயப்படவில்லை. மயக்க ஊசிக்குத்தான் பயந்தேன். காரணம் என் அக்கா.

அக்காவும் என் வாகுதான். 2012இல் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்போது 96 கிலோ இருந்தாள். ஒரு தனியார் நர்ஸிங் ஹோம். ஊரும் பேரும் இங்கே வேண்டாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அவள் வார்த்தையிலேயே சொல்கிறேன்:

"எல்லாரும் பேசறது கேட்குதுடி. 'ட்யூபை எடுத்தாச்சு, கண்ணைத் திறங்கம்மா'ன்னு ஒரு பொண்ணு கூப்பிடறா. இமையைத் தூக்க முடியலை. நெஞ்சு மேல அம்மிக்கல்லை வெச்ச மாதிரி பாரம். மூச்சை இழுத்தா பாதியிலேயே நின்னுடுது. மூச்சு முட்டுதுன்னு சொல்லலாம்னா நாக்கு அசையலை. அவ்வளவுதான், போயிட்டோம்னு நினைச்சேன்."

நல்ல வேளையாக யாரோ கவனித்து, முகமூடி வைத்துப் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்து, மறுபடி ஏதோ ஊசி போட்டிருக்கிறார்கள். அரை மணி கழித்துச் சரியாகிவிட்டது. பிறகு விசாரித்தபோது கிடைத்த பதில், "உங்க உடம்பு வாகு அப்படிம்மா" என்பதுதான்.

அந்தப் பதில் அக்காவை எப்படித் தாக்கியது தெரியுமா? தப்பு தன் உடம்பில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். 2021இல் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று கண்டுபிடித்தார்கள். வலி வந்தால் சுருண்டுவிடுவாள். ஆனாலும், "செத்தாலும் சாவேனே தவிர, இன்னொரு தரம் மயக்க ஊசிக்குக் கையை நீட்ட மாட்டேன்" என்று மூன்று வருஷம் ஒரே பிடிவாதம்.

எனக்கு மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க நாள் குறித்தபோது, அக்காவையும் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனேன். கிளம்பும்போது என் மாமியார் ரகசியமாக, "உள்ளதைச் சொல்லாதேம்மா. தொண்ணூறுன்னு சொல்லி வை. ஜாஸ்தி சொன்னா ஜாஸ்தி மருந்தை ஏத்திடுவாங்க" என்றார். வயதானவர் அக்கறையில் சொன்னது. அதில் பாதி நியாயமும் இருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது!

டேப் எடுத்த டாக்டர்

டாக்டர் ஒரு பெண்மணி. நாற்பது வயது இருக்கலாம். எடையைக் கேட்டார், "நூத்திரண்டு" என்றேன். "பரவாயில்லையே, பளிச்சுனு சொல்லிட்டீங்களே!" என்று சிரித்தார். ஆனாலும் மிஷினில் ஏற்றித்தான் குறித்துக்கொண்டார். சுவரோடு நிற்க வைத்து உயரம் எடுத்தார். அப்புறம் தையற்காரர் மாதிரி ஒரு டேப்பை எடுத்து என் கழுத்தை அளந்தார். 42 சென்டிமீட்டர்.

"குறட்டை விடுவீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர், "பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் டாக்டர்" என்றார். "நடுவில மூச்சு நின்னு, அப்புறம் திடுக்குனு வாங்கற மாதிரி இருக்கா? பகல்ல உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் வருதா? பி.பி. இருக்கா?" என்று வரிசையாகக் கேட்டுக் குறித்தார். கனடாவில் டொரான்டோ டாக்டர்கள் 2008இல் வெளியிட்ட கேள்விப் பட்டியலாம் இது. தூக்கத்தில் மூச்சு அடைபடும் வியாதி இருக்குமா என்று முன்கூட்டியே ஊகிக்க உதவுகிறது. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதில் ஒரு மார்க்!

பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, அவள் கதையைப் பொறுமையாகக் கேட்டார். "அந்தக் கேஸ் சீட்டைப் பார்க்காம, என்ன நடந்ததுன்னு நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனா நீங்க சொல்ற அடையாளம் எல்லாம், தசையைத் தளர்த்தற மருந்து முழுசா விலகறதுக்கு முன்னாடியே எழுப்பினா வர்ற அடையாளம். அது உங்க உடம்போட தப்பு இல்லைம்மா. மருந்தோட கணக்கு" என்றார். அக்காவின் கண்ணில் நீர் தளும்பியது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒருத்தர் அதைச் சொல்லியிருக்கிறார்.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் மருந்து

மயக்கம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதில் மூன்று வேலை அடங்கியிருக்கிறது. தூங்க வைப்பது ஒன்று. வலி தெரியாமல் செய்வது இரண்டு. தசைகளைத் தளர்த்துவது மூன்று. வயிற்றுச் சதை விறைத்துக்கொண்டிருந்தால் சர்ஜனால் வேலை செய்ய முடியாது. மூச்சுக் குழாயில் ட்யூபைச் செலுத்துவதற்கும் தொண்டை தளர்ந்து கொடுக்க வேண்டும்.

இந்த மருந்துகளின் மூதாதை, தென் அமெரிக்கக் காட்டுவாசிகள் அம்பில் தடவி வேட்டையாடிய 'க்யூராரே' என்ற விஷம். 1942 ஜனவரி 23ஆம் தேதி கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்ட் கிரிஃபித் என்ற டாக்டரும், அவரிடம் பணியாற்றிய ஈனிட் ஜான்ஸன் என்ற லேடி டாக்டரும், ஒரு குடல்வால் ஆபரேஷனில் முதன்முதலாக இதை மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் தசை தளர வேண்டுமென்றால் ஆளை அபாயமான ஆழத்துக்கு மயக்க வேண்டியிருந்தது. இப்போது ரோக்யூரோனியம், வெக்யூரோனியம், அட்ராக்யூரியம் என்று பல மருந்துகள் வந்துவிட்டன.

இவை செய்யும் வேலையை டாக்டர் வேடிக்கையாகச் சொன்னார். நரம்பு முனையிலிருந்து 'அசிடைல்கோலின்' என்ற ரசாயனம் புறப்பட்டுப் போய்த் தசையில் தனக்கென்று உள்ள ஸீட்டில் உட்கார்ந்தால்தான் தசை சுருங்கும். இந்த மருந்து முந்திக்கொண்டு போய் அந்த ஸீட்டில் துண்டைப் போட்டுவிடுகிறது! ரயிலில் நாம் செய்வது போலத்தான். அசிடைல்கோலின் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இதில் முக்கியமான விஷயம், இந்த மருந்து தூக்கத்தையும் தராது, வலியையும் போக்காது. அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற டாக்டர், விழித்திருக்கும்போதே இதைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு, கை கால் அசையாவிட்டாலும் பிரக்ஞை தெளிவாக இருக்கிறது என்று 1947இல் நிரூபித்தார். அக்காவுக்கு எல்லாம் கேட்டதும், எதுவும் அசையாததும் இதனால்தான். தூக்க மருந்து விலகிவிட்டது, துண்டு இன்னும் எடுக்கப்படவில்லை.

ரசத்தில் உப்பும் நெய்யும்

"குண்டா இருந்தா மருந்து அதிகம் வேணும்தானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"சமையல் பண்றவங்க நீங்க, நீங்களே சொல்லுங்க. ஒரு பாத்திரம் ரசத்துக்கு உப்பு போட்டாச்சு. மேலே தாராளமா நெய்யில தாளிச்சுக் கொட்டறீங்க. நெய் அதிகமாச்சேன்னு உப்பையும் கூட்டுவீங்களா?"

"எதுக்குக் கூட்டணும்? உப்பு நெய்யில கரையாதே. ரசம்தான் கரிக்கும்."

"அதேதான்!" என்றார்.

ரோக்யூரோனியமும் அதன் கூட்டாளிகளும் தண்ணீரில் கரைகிற வகை. ரத்தத்திலும், செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும் பரவுமே தவிர, கொழுப்புக்குள் போவதில்லை. 102 கிலோ எடையில் கணிசமான பங்கு கொழுப்பு. மிஷின் காட்டும் எடைக்கு மருந்தைக் கணக்குப் போட்டால், அந்தக் கொழுப்பின் பங்குக்கான மருந்தும் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரசம் கரித்துவிடும்!

ஆகவே இந்த மருந்துகளுக்கு, உயரத்தை வைத்து 'இருக்க வேண்டிய எடை' என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். சுலபமான வழி, பெண்களுக்கு உயரத்தில் 105ஐக் கழிப்பது. என் உயரம் 155. கழித்தால் 50 கிலோ. ரோக்யூரோனியம் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 50 கிலோவுக்கு 30 மில்லிகிராம். மிஷின் எடையான 102க்குப் போட்டால் 61 மில்லிகிராம்! ஒன்றுக்கு இரண்டாகிவிடுகிறது பாருங்கள்.

அதனால் என்ன ஆகும்? 2004இல் இத்தாலிய டாக்டர்கள் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். மிகவும் பருமனானவர்களில் பாதிப் பேருக்கு முழு எடைக்கும், பாதிப் பேருக்கு இருக்க வேண்டிய எடைக்கும் ரோக்யூரோனியம் கொடுத்துப் பார்த்தார்கள். தசையின் பலம் கால் பங்கு திரும்புவதற்கு, இருக்க வேண்டிய எடைக்குக் கொடுத்தவர்களுக்குச் சுமார் 22 நிமிஷம் ஆயிற்று. முழு எடைக்குக் கொடுத்தவர்களுக்குச் சுமார் 55 நிமிஷம். சர்ஜன் தையல் போட்டு முடித்துக் கையுறையைக் கழற்றிவிடுவார். மருந்து மட்டும் துண்டை எடுக்காது.

"அப்படின்னா எல்லாத்துக்கும் அம்பது கிலோன்னே எழுதிக்கலாமே டாக்டர்?" என்றாள் அக்கா.

"அங்கேதான் சூட்சுமம்" என்றார் டாக்டர். சக்ஸினைல்கோலின் என்று ஒரு மருந்து உண்டு. ட்யூபை அவசரமாகச் செலுத்த வேண்டியபோது போடுவது. சில நிமிஷமே வேலை செய்யும். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. பருமனானவர்களுக்கு அந்த நொதியின் வேகமும் அதிகம், மருந்து பரவ வேண்டிய நீரும் அதிகம். ஆகவே அதை மட்டும் மிஷின் காட்டும் முழு எடைக்குத்தான் கொடுக்க வேண்டுமாம். அதில் எடையைக் குறைத்துச் சொன்னால், தொண்டை சரியாகத் தளராமல் ட்யூப் போட முடியாமல் திண்டாட நேரும்.

அதோடு, கூடுதல் எடை முழுவதும் கொழுப்பு அல்ல. அந்தப் பாரத்தைச் சுமப்பதற்காகத் தசையும் ரத்தமும் கூடக் கொஞ்சம் வளர்கின்றன. ஆகையால் கணக்கு என்பது தொடக்கந்தான். மிச்சத்தை உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மருந்துக்கு மருந்து எடை மாறுகிறது. எல்லாக் கணக்குக்கும் மூலதனம் நாம் சொல்லும் இரண்டு எண்கள், நிஜ எடை, நிஜ உயரம். அதில் பொய் கலந்தால் மேலே உள்ள கணக்கு அத்தனையும் பொய்.

கட்டைவிரல் சொல்லும் சாட்சி

"சரி டாக்டர், மருந்து விலகிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

இதற்கு ஒரு கருவி இருக்கிறது. மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பின் மேல் இரண்டு ஒட்டுகளை ஒட்டி, அரை விநாடிக்கு ஒன்றாக நாலு தடவை லேசான மின்துடிப்பைச் செலுத்துவார்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் துடிக்க வேண்டும். மருந்து முழு வேகத்தில் இருக்கும்போது விரல் அசையாது. விலக விலக ஒன்று, இரண்டு, மூன்று என்று துடிப்பு திரும்பும். நாலும் வந்துவிட்டால் மட்டும் போதாது. நாலாவது துடிப்பு முதல் துடிப்பில் நூற்றுக்கு 90 பங்காவது பலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ட்யூபை எடுக்கலாம். அமெரிக்க மயக்கவியல் டாக்டர்கள் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிமுறையும், அளந்து பார்த்து எண்ணைச் சொல்லும் கருவியையே சிபாரிசு செய்கிறது. "தலையை அஞ்சு விநாடி தூக்குங்க, கையை இறுக்கிப் பிடிங்க" என்ற பழைய பரீட்சையில் பாஸாகிறவர்களுக்கும் உள்ளே பலவீனம் மிச்சம் இருக்கலாமாம்.

மெலிந்தவர்களுக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தால் சமாளித்துவிடுவார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது முடியாது. மார்பின் மேல் பாரம், கீழே வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது; நுரையீரலில் கையிருப்பாக நிற்கும் காற்று குறைவு. மூச்சு தடைப்பட்டால் ரத்தத்தில் பிராணவாயு மளமளவென்று இறங்கிவிடும். தொண்டையைச் சுற்றிக் கொழுப்பு இருப்பதால் வழியும் குறுகல். அந்த வழியைத் திறந்து பிடிக்கும் தொண்டைத் தசைகள்தான், உதரவிதானத்தைவிடத் தாமதமாகப் பலம் பெறுகின்றன. குறட்டைக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம். டாக்டர் டேப் எடுத்ததன் அர்த்தம் இப்போது புரிகிறதல்லவா?

மருந்தை விலக்க மாற்று மருந்துகள் உண்டு. பழையது நியோஸ்டிக்மின். அது அசிடைல்கோலினைச் சிதையவிடாமல் காத்து, கூட்டத்தைப் பெருக்கி, துண்டுகளை நெட்டித் தள்ள வைக்கிறது. தளர்ச்சி ஆழமாக இருக்கும்போது இதனால் முடியாது. புதியது சுகமாடெக்ஸ், ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015இலும் அனுமதி பெற்றது. டப்பா மூடியைப் போட்டுக்கொள்வது மாதிரி ரோக்யூரோனியத்தையே தனக்குள் பிடித்து அடைத்துவிடுகிறது. விலை கூடுதல். வேடிக்கை என்னவென்றால், தயாரிப்பாளர் குறிப்பின்படி இதன் அளவு மிஷின் காட்டும் முழு எடைக்குத்தான்! எழுபது என்று பொய் சொன்னவளுக்கு இங்கேயும் ஆபத்து, மாற்று மருந்து போதாமல் போய்விடும்.

என் முறை

2024 தை மாதம் எனக்கு ஆபரேஷன் நடந்தது. மேஜையில் என்னைத் தட்டையாகப் படுக்க வைக்கவில்லை. முதுகுக்கும் தலைக்கும் போர்வைகளை மடித்து அடுக்கி, காதும் மார்பெலும்பின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வரும்படி சாய்த்து வைத்தார்கள். முகமூடி வைத்து, "நல்லா இழுத்து விடுங்கம்மா, பிராணவாயுவைச் சேமிச்சுக்கலாம்" என்றார் டாக்டர். கையில் அந்த ஒட்டுகளை ஒட்டுவதைப் பார்த்தேன். அதற்குமேல் எதுவும் தெரியாது.

விழித்தபோது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்தேன். மூச்சு வந்தது, குரல் வந்தது. தொண்டை மட்டும் லேசாகக் கரகரத்தது. "உங்க கட்டைவிரல் 96 வாங்கிடுச்சு. அதுக்கப்புறம்தான் ட்யூபை எடுத்தேன்" என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கூட நான் அவ்வளவு மார்க் வாங்கியதில்லை! அன்றிரவு முழுக்கச் சாய்ந்த நிலையிலேயே படுக்க வைத்து, விரலில் கிளிப்பை மாட்டிப் பிராணவாயுவைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

வெளியே காத்திருந்த அக்கா உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குக் காது கேட்டுதா? மூச்சு முட்டுச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஒண்ணுமே இல்லைக்கா" என்றேன். நம்பாதவள் போல வெகு நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஆவணியில் அவளும் பித்தப்பையை எடுத்துக்கொண்டாள். அதே டாக்டர்தான். 2012இல் நடந்ததை அவள் வாயாலேயே சொல்ல வைத்து, கேஸ் சீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டார். மூன்று வருஷம் அவளைப் படுத்திய வலி போயிற்று. அதைவிட, 'உன் உடம்பு வாகு அப்படி' என்று யாரோ ஏற்றிவிட்ட பாரமும் இறங்கிற்று.

மறக்கக் கூடாதவை

ஆபரேஷனுக்குத் தயாராகும் சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்:

மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே பாருங்கள். எடையையும் உயரத்தையும் ஆஸ்பத்திரி மிஷினிலேயே எடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

குறட்டையையும், தூக்கத்தில் மூச்சு நிற்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நமக்குத் தெரியாது, கூடப் படுப்பவரைக் கேட்டால் தெரியும். தூக்கத்தில் மூச்சுக்காக மிஷின் உபயோகிப்பவர்கள் அதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

முன்பு மயக்கம் கொடுத்தபோது விழிக்கத் தாமதமானதா, மூச்சுத் திணறியதா? உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அப்படி நடந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பழைய கேஸ் சீட்டின் நகல் கிடைத்தால் இன்னும் நல்லது.

"கட்டைவிரல் துடிப்பைப் பார்க்கும் கருவி இருக்கிறதா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. சுகமாடெக்ஸ் அந்த மாத்திரையில் உள்ள ஹார்மோனையும் பிடித்துக்கொள்ளும். ஆபரேஷனில் அதைப் போட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, போட்டிருந்தால் 7 நாட்களுக்கு வேறு பாதுகாப்பும் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு இளைக்க வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்பவர்களும் அதைச் சொல்லிவிடுங்கள். இரைப்பை காலியாவதை அது தாமதப்படுத்தும்; மயக்கத்தின்போது அது முக்கியம்.

எடையைக் குறைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான்; நானும் இப்போது காலையில் நடக்கிறேன். தை மாதத்திலிருந்து மறு தை வரை 9 கிலோ குறைந்தது. ஆனால் குடல் மாட்டிக்கொள்ளும் அபாயத்தில் இருப்பவளிடம், "இளைத்துவிட்டு வா" என்று சொல்லிக் காத்திருக்க முடியாது. இருக்கிற உடம்போடுதான் மேஜையில் ஏற வேண்டியிருக்கிறது. அந்த உடம்புக்குத் தகுந்த கணக்கைப் போடத் தெரிந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் சரியான எண்ணைக் கொடுப்பது நம் பொறுப்பு.